உங்களுக்குத் தெரியுமா? பதினோராவது நாற்காலிக்கு வந்த நாடு

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் நடந்த உச்சி மாநாட்டில் ஆசியான் அமைப்பின் பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்தது கிழக்குத் திமோர். அதிகாரப்பூர்வப் பெயர் திமோர்-லெஸ்தே. சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, பதினான்கு லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை. தெற்கே கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியா. மேற்கே, அதே தீவின் மறுபாதியில் இந்தோனேசியா. படைபலமும் பணபலமும் இல்லாத ஒரு சின்ன நாடு, ஒப்பந்தங்களையும் வழக்குகளையும் பொறுமையையும் மட்டுமே நம்பி உலக அவைகளில் ஒவ்வொன்றாக இடம்பிடித்த வரலாறு இது. இந்த வாரப் பகுதி முழுவதையும் அந்த ஒரு நாட்டுக்கே ஒதுக்கிவிட்டோம்.

■ கிழக்குத் திமோரின் நாட்காட்டியில் சுதந்திரத்துக்கு இரண்டு நாள்கள் உண்டு. போர்த்துகல் தன் குடியேற்ற நாட்டைக் கைவிட்டுப் போன பிறகு, 1975 நவம்பர் 28 அன்று ஃபிரெட்டிலின் இயக்கம் சுதந்திரத்தை அறிவித்தது. ஒன்பதாம் நாள், டிசம்பர் 7 அன்று, தலைநகர் டிலியில் இந்தோனேசியப் படை இறங்கியது. பிறகு 2002 மே 20 அன்றுதான் ஆட்சி திமோர் மக்கள் கைக்கு வந்தது. ஆனாலும் அவர்களின் அரசியல் சாசனம் முதல் பிரிவிலேயே சுதந்திரப் பிரகடன நாளாக 1975 நவம்பர் 28ஐத்தான் குறிப்பிடுகிறது. மே 20 அவர்களுக்கு மீட்பு நாள். 'நாங்கள் 1975லேயே நாடாகிவிட்டோம், நடுவில் நடந்தது ஆக்கிரமிப்பு' என்ற நிலையிலிருந்து அவர்கள் ஒரு நாளும் இறங்கவில்லை.

■ படையெடுப்புக்குச் சில நாள் முன்பு நாட்டை விட்டுக் கிளம்பிய ஓர் இளைஞர், அதே மாதம் நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் முன் நின்று தன் நாட்டுக்காக வாதாடினார். அப்போது அவருக்கு வயது 25. பெயர் ஜோசே ராமோஸ்-ஹோர்த்தா. 1996இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கோலாலம்பூர் மாநாடு நடந்தபோது நாட்டின் அதிபர் அவரே.

■ 1976 ஜூலையில் கிழக்குத் திமோரைத் தன் 27ஆவது மாகாணமாக இந்தோனேசியா சேர்த்துக்கொண்டது. ஐ.நா. அதை ஏற்கவே இல்லை. படைகள் வெளியேற வேண்டும் என்று 1975இலும் 1976இலும் பாதுகாப்பு சபை இரண்டு தீர்மானங்கள் போட்டது. இரண்டும் செயலுக்கு வரவில்லை. ஆனால் ஐ.நா. ஆவணங்களில் அந்த நிலத்தின் நிர்வாகி போர்த்துகல்தான் என்ற வரி மட்டும் 24 ஆண்டும் அழிக்கப்படாமல் இருந்தது. தீவில் போர்த்துகல்லின் ஓர் அதிகாரிகூட இல்லாத காலத்திலும் அந்த வரி இருந்தது. பின்னால் வழக்குப் போடவும் பேச்சுவார்த்தைக்கு உட்காரவும் அதுவே பிடிமானம் ஆயிற்று.

அதுகூட நூலிழையில் தப்பியது. 1982இல் பொதுச்சபையில் கிழக்குத் திமோர் குறித்த தீர்மானத்துக்கு ஆதரவு 50, எதிர்ப்பு 46. வாக்களிக்காமல் ஒதுங்கி நின்ற நாடுகளும் 50. நான்கே வாக்கு வித்தியாசம். அடுத்த முறை தோற்றுப்போகலாம் என்ற நிலையில், பொதுச்செயலாளரின் சமரச முயற்சிக்கு விஷயத்தை விட்டுவிட்டு, தீர்மானத்தை ஆதரித்தவர்கள் மீண்டும் வாக்கெடுப்புக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு பதினேழு ஆண்டுகள் நீண்டது.

■ அந்த 24 ஆண்டுகளில் போர்த் தொடர்பான காரணங்களால் இறந்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர் என்று நாட்டின் உண்மை ஆணையம் பிற்பாடு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள். படையெடுப்பு நடந்தபோது அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ ஏழு லட்சத்துக்குள்தான். இனி வரும் ஒப்பந்தம், வரைபடம், பங்கு விகிதம் எல்லாவற்றையும் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

■ ஒரு நாட்டின் கடலடி எண்ணெய்யை மற்ற இரண்டு நாடுகள் வானத்தில் பறந்தபடி பங்குபோட்டுக்கொண்டன, தெரியுமா? 1989 டிசம்பர் 11. ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் கேரத் எவன்ஸும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் அலி அலதாஸும் திமோர் கடலுக்கு மேலே பறந்த விமானத்துக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஷாம்பெய்ன் கோப்பைகளை உயர்த்தினார்கள். அந்தப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. கீழே இருந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1972இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கடலடி எல்லையை வகுத்துக்கொண்டபோது, கோடு திமோர் தீவுக்கு மிக அருகில் போடப்பட்டது. கண்டத்திட்டு தங்கள் கரையிலிருந்து அவ்வளவு தூரம் நீள்கிறது என்பது ஆஸ்திரேலியாவின் வாதம். போர்த்துகல் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. ஆகவே கிழக்குத் திமோருக்கு நேர் தெற்கே மட்டும் கோடு இல்லாமல் ஓர் இடைவெளி விழுந்தது. எண்ணெய்யும் எரிவாயுவும் அந்த இடைவெளியில்தான் இருந்தன. கிழக்குத் திமோரை இந்தோனேசியாவின் பகுதியாக ஆஸ்திரேலியா சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டதற்கும், அந்த இடைவெளியை அடைக்கும் பேச்சு தொடங்கியதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. மேற்கத்திய நாடுகளில் அப்படி வெளிப்படையாக அங்கீகரித்த நாடு அது ஒன்றுதான்.

■ போர்த்துகல் 1991இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1995 ஜூன் 30 அன்று தீர்ப்பு. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. சுயநிர்ணய உரிமை உலகின் எல்லா நாடுகளும் மதிக்க வேண்டிய உரிமை என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. கிழக்குத் திமோர் மக்களுக்கும் அந்த உரிமை உண்டு என்றது. சொல்லிவிட்டு, இந்த வழக்கில் தன் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று 14க்கு 2 என்ற கணக்கில் கைவிட்டது.

காரணம் இதுதான். ஆஸ்திரேலியா செய்தது சரியா தவறா என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இந்தோனேசியா அங்கே இருப்பது சட்டப்படி சரியா என்று முடிவு செய்தாக வேண்டும். இந்தோனேசியாவோ அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காத நாடு. வழக்கில் இல்லாத ஒரு நாட்டின் நடத்தை மீது தீர்ப்புச் சொல்ல முடியாது. சட்டப்படி நீதிபதிகளின் தர்க்கத்தில் ஓட்டை காண்பது கடினம். ஆனால் உரிமை உண்டு என்று எழுதித் தந்த கையாலேயே கதவை மூடியதை அந்த மக்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள்?

■ 1999 ஆகஸ்ட் 30. இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. மேற்பார்வையில் நடந்த வாக்கெடுப்பில், பதிவு செய்தவர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி போதும் என்பதை 78.5 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். முடிவு வெளியானதும் ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகக் கணக்கு. செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை டிலியில் இறங்கியது. அந்தப் படையை அனுப்பச் சொல்லி ஆஸ்திரேலிய மக்கள் தங்கள் தெருக்களில் திரண்டு குரல் கொடுத்தார்கள். அரசுகளின் கணக்கு ஒன்று, மக்களின் மனம் வேறொன்று என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

■ 2002 மார்ச். கிழக்குத் திமோர் சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம். கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தையும், கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் கட்டாய அதிகாரத்தையும் இனி ஏற்கப்போவதில்லை என்று ஆஸ்திரேலியா அறிவித்தது. அதாவது புதிய நாடு பிறந்து வாய் திறப்பதற்குள், அது போகக்கூடிய இரண்டு நீதிமன்றங்களின் வாசலும் அடைபட்டுவிட்டன.

மே 20, சுதந்திரம் மீண்ட அதே நாளில், திமோர் கடல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு நாடுகளும் சேர்ந்து எண்ணெய் எடுக்க ஒதுக்கிய கூட்டுப் பகுதியில் கிடைக்கும் வருவாயில் 90 பங்கு திமோருக்கு, 10 பங்கு ஆஸ்திரேலியாவுக்கு. கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் இரு கரைகளுக்கும் சம தூரத்தில் நடுக்கோடு போட்டு எல்லை வகுத்திருந்தால் அந்தப் பகுதி முழுதும் திமோருக்கே வந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். கஜானாவில் பணமில்லாத, எரிந்துபோன ஊர்களைக் கட்டியெழுப்ப வேண்டிய புதிய அரசால் பேரம் பேசிக் காலம் கடத்த முடியவில்லை.

■ 2006 ஜனவரியில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. கிரேட்டர் சன்ரைஸ் என்ற பெரிய எரிவாயு வயலின் வருவாய் சரிபாதி, கடல் எல்லைப் பேச்சு 50 ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பு. அந்த ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தைகள் நடந்த 2004இல், உதவித் திட்டம் ஒன்றின் பெயரில் டிலியில் அமைச்சரவை அலுவலகத்தைப் புதுப்பித்தபோது ஆஸ்திரேலிய உளவுத்துறை சுவருக்குள் ஒட்டுக்கேட்புக் கருவிகளை வைத்தது என்ற குற்றச்சாட்டு 2013இல் வெளியே வந்தது. எதிர்த் தரப்பு தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறது என்று கேட்டுவிட்டு மேசைக்கு வருவது நியாயமான பேரமே அல்ல. ஒப்பந்தம் செல்லாது என்று கோரி அதே ஆண்டு ஏப்ரலில் கிழக்குத் திமோர் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது.

டிசம்பர் 3 அன்று திமோர் அரசுக்காக வாதாடி வந்த வழக்கறிஞர் பெர்னார்ட் கொலெரியின் கான்பெரா அலுவலகத்தில் ஆஸ்திரேலிய உள்நாட்டு உளவு அமைப்பு சோதனை நடத்தி, வழக்கு ஆவணங்களையே அள்ளிக்கொண்டு போனது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 17 அன்று, திமோர் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2014 மார்ச் 3 அன்று இடைக்கால ஆணை: கைப்பற்றிய ஆவணங்களை முத்திரையிட்டு வைக்க வேண்டும், திமோருக்கும் அதன் சட்ட ஆலோசகர்களுக்கும் இடையிலான தொடர்புகளில் எந்த வகையிலும் தலையிடக் கூடாது. இந்த இரண்டாவது ஆணைக்கு 15 நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் மட்டும் எதிர்ப்பு. 1995இல் மற்றவர்களின் வழக்கில் பொருளாக மட்டுமே இருந்த நாடு, இம்முறை அதே நீதிமன்றத்தில் தன் பெயரிலேயே நின்று ஆணை பெற்றது. 2015 மே மாதம் ஆஸ்திரேலியா ஆவணங்களைத் திருப்பித் தந்தது.

கொலெரி மீது 2018இல் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜூலையில்தான் அது கைவிடப்பட்டது.

■ இப்போது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லைத் தகராறுக்கு இரண்டு நீதிமன்றங்களின் வாசலும் அடைபட்ட பிறகு திமோர் எந்த வழியாக நுழைந்தது?

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. எல்லைத் தகராறுகளில் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று ஒரு நாடு விலகிக்கொள்ளலாம். ஆனால் அப்படி விலகினால், மறுதரப்பு கேட்கும்போது சமரச ஆணையத்தின் முன் வந்து உட்கார்ந்தே தீர வேண்டும். அந்த ஆணையத்தின் அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. பேசச் சொல்லும், வழி காட்டும், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1994 முதல் 2016 வரை ஒரு நாடுகூட அந்தப் பிரிவைப் பயன்படுத்தவில்லை. கிழக்குத் திமோர் 2013 ஜனவரியில் உடன்படிக்கையில் சேர்ந்தது. 2016 ஏப்ரல் 11 அன்று அந்தப் பிரிவின் கீழ் ஆஸ்திரேலியாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உலகிலேயே முதல் முறை.

டென்மார்க் தூதர் பீட்டர் டாக்சோ-யென்சன் தலைமையில் ஐந்து பேர் ஆணையம். விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று ஆஸ்திரேலியா ஆட்சேபித்தது. 2016 செப்டம்பரில் ஆணையம் அதை நிராகரித்தது. திமோர் தரப்பில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கியவர் சனானா குஸ்மாவ். கெரில்லாப் படைத் தலைவராகக் காட்டில் இருந்தவர், 1992இல் பிடிபட்டு ஜகார்த்தா சிறையில் ஏழாண்டு கழித்தவர், பிறகு நாட்டின் முதல் அதிபர், பிரதமர். அவர் இப்போது வரைபடங்களையும் உடன்படிக்கைப் பிரிவுகளையும் வைத்துக்கொண்டு போராடினார். நம்பிக்கையை வளர்க்கும் முயற்சியாக 2006 ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இரு தரப்பும் 2017 ஜனவரியில் இணங்கின. கோப்பன்ஹேகனில் முக்கிய அம்சங்களில் உடன்பாடு எட்டியது. தேதி 2017 ஆகஸ்ட் 30.

2018 மார்ச் 6 அன்று ஐ.நா. தலைமையகத்தில் கையெழுத்து. எல்லை பெரும்பாலும் நடுக்கோட்டிலேயே அமைந்தது. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு திமோருக்குக் குழாய் வழியே வந்தால் வருவாயில் 70 பங்கு திமோருக்கு. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80 பங்கு. யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் ஆணையத்தால் இது முடிந்தது. பெரிய நாட்டைப் பேச்சு மேசையிலிருந்து எழுந்துபோக விடாமல் உட்கார வைத்ததுதான் அதன் பலம்.

■ அந்த வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. ஏற்கனவே எடுத்துத் தீர்த்த எண்ணெய்க்கு இழப்பீடு எதுவும் கேட்பதில்லை என்று 2018 ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

■ கிரேட்டர் சன்ரைஸ் வயல் 1974இல் கண்டுபிடிக்கப்பட்டது. திமோரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். குழாய் எந்தக் கரைக்குப் போக வேண்டும் என்ற வாதம் முடியாததால் இன்றுவரை அங்கிருந்து வணிக உற்பத்தி இல்லை. தன் பக்கத்தை உறுதியாக்க, இரண்டு பன்னாட்டு நிறுவனங்களின் பங்குகளை 65 கோடி டாலர் கொடுத்து வாங்கி, வயலில் 56 சதவீதத்துக்கும் மேல் கையில் வைத்திருக்கிறது திமோர் அரசு. துணிச்சலான முடிவு. சரியான முடிவா என்று டிலியிலேயே கடுமையாக விவாதிக்கிறார்கள். இதுவரை வந்த எண்ணெய்ப் பணத்தை நார்வேயைப் பார்த்து 2005இல் அமைத்த நிதியத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அரசின் செலவில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. புதிய வயல் வராவிட்டால் அது கரைந்துகொண்டே போகும்.

■ ஆகஸ்ட் 30க்கு வருவோம். எல்லை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2019 ஆகஸ்ட் 30, வாக்கெடுப்பின் இருபதாம் ஆண்டு நாள். உலக வர்த்தக அமைப்பில் 166ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது 2024 ஆகஸ்ட் 30, இருபத்தைந்தாம் ஆண்டு நாள்.

பத்தாம் ஆண்டு நாளில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். 1999இல் சுவாய் நகரின் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களைப் படுகொலை செய்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த மட்டேர்னுஸ் பேரே என்ற ஆயுதக் குழுத் தலைவர், 2009 ஆகஸ்டில் எல்லை தாண்டி வந்தபோது கைதானார். அவரை விடுவிக்காவிட்டால் பத்தாம் ஆண்டு விழாவுக்கு வரமாட்டேன் என்றார் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர். விழா நடந்த அதே ஆகஸ்ட் 30 அன்று, நீதிமன்ற ஆணை ஏதும் இல்லாமல், பேரே சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பிறகு இந்தோனேசியா போய்ச் சேர்ந்தார். அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவர் தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளியில் வந்த நவநீதம் பிள்ளை. அவர் இதைக் கண்டித்தார்.

பெரிய அண்டை நாட்டோடு நட்பு இல்லாமல் காலம் தள்ள முடியாது என்பது ஆட்சியாளர்களின் பதில். அதை முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் சுவாய் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் அந்தப் பதிலைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

■ 1999 குற்றங்களுக்காக ஐ.நா. அமைத்த விசாரணைப் பிரிவு ஏறத்தாழ 400 பேர் மீது குற்றப் பத்திரிகை போட்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவில் இருந்தார்கள். இந்தோனேசியா ஒருவரையும் ஒப்படைக்கவில்லை. பதிலாக 2005இல் இரு நாடுகளும் சேர்ந்து உண்மை மற்றும் நட்புறவு ஆணையம் அமைத்தன. 2008இல் வந்த அதன் அறிக்கை, இந்தோனேசிய அரசு அமைப்புகளுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2011இல் திமோர் ஆசியானில் சேர விண்ணப்பித்தபோது முன்னின்று ஆதரித்த நாடும் அதே இந்தோனேசியாதான்.

■ கிழக்குத் திமோருக்கு ஒரு துண்டு நிலம் தனியே இருக்கிறது. ஒயேகுசி என்று பெயர். இந்தோனேசியாவின் மேற்குத் திமோருக்குள், மூன்று புறமும் இந்தோனேசிய மண்ணும் ஒரு புறம் கடலுமாக இருக்கும் பகுதி. டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் அதன் எல்லைக்காகச் சண்டையிட்டு, 1914இல் தி ஹேக் நடுவர் மன்றத்தில் தீர்வு தேடினார்கள். சுவிட்சர்லாந்தின் சார்ல் லார்டி என்ற ஒற்றை நடுவர் தீர்ப்பு எழுதினார். நூறாண்டு தாண்டிய பிறகும் ஒயேகுசியைச் சுற்றிச் சில இடங்களில் எல்லை குறித்த பேச்சு முடியவில்லை.

■ நாணயம்? அமெரிக்க டாலர். சில்லறைக்கு மட்டும் சொந்தமாகச் சென்டாவோ காசுகள் அடித்திருக்கிறார்கள்.

■ ஆசியான் சாசனத்தின் ஆறாம் பிரிவு புதிய உறுப்பினருக்கு நான்கு நிபந்தனைகள் வைக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் இருக்க வேண்டும். எல்லா உறுப்பு நாடுகளும் அங்கீகரித்திருக்க வேண்டும். சாசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும். கடமைகளை நிறைவேற்றத் திறமும் விருப்பமும் வேண்டும். முதல் மூன்றும் எளிது. நான்காவதில்தான் பதினான்கு ஆண்டு போயிற்று. வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒரு நாடு தயங்கினாலும் கோப்பு நகராது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடக்கும் அமைப்பில் இந்தச் சின்ன நாட்டால் ஈடுகொடுக்க முடியுமா என்று தொடக்கத்தில் தயங்கிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2022 நவம்பரில் கொள்கையளவில் ஒப்புதல், பார்வையாளர் இருக்கை. 2023 மேயில் எதை எதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற பட்டியல்.

ஆசியான் செயலகத்தின் செலவை உறுப்பினர்கள் சரிசமமாகப் பகிர வேண்டும் என்பதும் சாசன விதி. 28 கோடி மக்கள் கொண்ட இந்தோனேசியாவும் 14 லட்சம் மக்கள் கொண்ட திமோரும் ஒரே தொகை கட்ட வேண்டும். சமமான மரியாதைக்குச் சமமான சந்தா என்பது கொள்கை. சின்ன நாட்டின் பட்ஜெட்டுக்கு அது கனமான கொள்கை.

■ அரசியல் சாசனப்படி திமோரில் ஆட்சி மொழிகள் இரண்டு: தெத்தும், போர்த்துகீசியம். ஆங்கிலமும் இந்தோனேசிய மொழியும் அலுவல் தேவைக்கான மொழிகள். சட்டங்கள் பெரும்பாலும் போர்த்துகீசியத்தில் எழுதப்படுகின்றன. மக்கள் தெத்துமில் பேசுகிறார்கள். இந்தோனேசிய ஆட்சியில் படித்த தலைமுறை இந்தோனேசிய மொழியில் படித்தது. ஆசியானோ ஆங்கிலத்தில் மட்டுமே இயங்குகிறது. ஒரு வர்த்தக விதியைத் தன் நாட்டுச் சட்டமாக்க வேண்டிய அதிகாரி, ஆங்கிலத்தில் வந்ததைப் போர்த்துகீசியத்தில் எழுதி, நாடாளுமன்றத்தில் தெத்துமில் விளக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்யத் தேர்ந்த சட்ட வல்லுநர்கள் அங்கே மிகக் குறைவு. உலக அமைப்புகளில் சேர்வதன் உண்மையான சுமை மாநாட்டுக் கைகுலுக்கல்களில் தெரிவதில்லை. அது தெரிவது டிலியின் அமைச்சக மேசைகளில்தான்.

■ ஆசியானில் இடம் உறுதியாவதற்கு முன்பே, அதன் உறுப்பு நாடு ஒன்றைப் பகைத்துக்கொள்ளத் திமோர் தயங்கவில்லை. 2023 ஜூலையில், மியான்மர் ராணுவ ஆட்சியை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசின் வெளியுறவு அமைச்சரை டிலிக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். ஆகஸ்டில் மியான்மர் ராணுவ அரசு திமோரின் தூதரகப் பொறுப்பாளரை நாட்டை விட்டு வெளியேற்றியது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கை என்ற விதி இருந்தும் இப்படிச் செய்தார்கள். ஒரு காலத்தில் தங்கள் பிரதிநிதிகள் அவை அவையாக ஏறி இறங்கியபோது எத்தனை கதவுகள் திறக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

■ ஆசியானின் தலைமைப் பொறுப்பு, ஆங்கில அகரவரிசைப்படி ஆண்டுக்கு ஒரு நாடாகச் சுற்றி வருகிறது. 2026இல் பிலிப்பைன்ஸ், பிறகு சிங்கப்பூர், தாய்லாந்து. வரிசை மாறாவிட்டால் 2029இல் கிழக்குத் திமோர். உச்சி மாநாடு முதல் அதிகாரிகள் கூட்டம் வரை அத்தனைக்கும் டிலி இடம் தர வேண்டும், நிகழ்ச்சி நிரலை எழுத வேண்டும், பதினோரு நாடுகளின் சார்பில் பேச வேண்டும். அதற்குள் முடிக்க விரும்பும் வேலை இன்னொன்றும் இருக்கிறது. இந்தோனேசியாவோடு கடல் எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை. அந்தப் பேச்சு தொடர்கிறது.